குப்பைக்கும் கணக்கு வேண்டும்



சில வருடங்களுக்கு முன்னர் மாலைதீவில் உள்ள ஓர் உல்லாச விடுதிக்கு மரக்கறி அனுப்பும் ஓடர் எனக்குக் கிடைத்தது. முதல் சரக்கு பழுதில்லாமல் போய்ச் சேர்ந்தது. ஆனால் அடுத்த ஓடர் வரவில்லை. அங்கே கொள்முதல் பார்த்தவர் நம் நாட்டுத் தம்பி ஒருவர். தொலைபேசியில் விசாரித்தேன்.

"நானா, சாமானில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் பொலித்தீனிலும் ரெஜிபோமிலும் சுற்றி அனுப்பியிருக்கிறீர்கள். அந்தக் குப்பையை நாங்கள் எங்கே கொட்டுவது?" என்றார்.

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். மாலைதீவில் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு விடுதி. சாமான் உள்ளே வரவும் படகுக் கூலி, மிஞ்சிய குப்பை வெளியே போகவும் படகுக் கூலி. எனது மலிவான பொதி அவருக்குச் செலவாக முடிந்திருக்கிறது.

இந்தக் கணக்கை நன்றாக விளங்கிக்கொண்ட விடுதி சொனேவா புஷி. பா அடோலில் குன்புனதூ என்ற தனித்தீவில் 1995இல் சோனு சிவ்தாசானியும் அவரது மனைவி ஈவாவும் இதைத் திறந்தார்கள். வந்திறங்கும் விருந்தினரின் பாதணிகளை வாங்கிப் பையில் போட்டுவிடுவார்கள். அதன் பிறகு மணலில் வெறுங்கால் நடைதான். தங்குமிடங்கள் மரங்களுக்குள் மறைந்திருக்கும். இதற்காக ஓர் இரவுக்கு ஆயிரம் டொலருக்கு மேல் கொடுக்கவும் ஆட்கள் வருகிறார்கள்.

2008இல் வெளியிலிருந்து போத்தல் தண்ணீர் இறக்குவதை நிறுத்தினார்கள். கடல்நீரை நன்னீராக்கிக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து, அதையே கழுவித் திரும்பவும் பாவிக்கிறார்கள். சமையலறைக் கழிவு பசளையாகித் தோட்டத்துக்குப் போகிறது. வீசவேண்டிய கண்ணாடியை உருக்கிக் கலைப்பொருட்கள் செய்கிறார்கள். பா அடோல் 2011இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது.

இதில் சிறு வியாபாரிகளாகிய நமக்கு மூன்று பாடங்கள் இருக்கின்றன.

ஒன்று: வாடிக்கையாளர் உண்மையில் எதற்குக் காசு தருகிறார் என்று அறிந்துகொள்ளுங்கள். அந்தத் தீவில் அவர் வாங்குவது அமைதியையும் மரநிழலையும் தெளிந்த கடலையும்தான். அவைதான் முதல். முதலைத் தின்று இலாபம் காட்டுகிறவன் நீண்ட நாள் கடை நடத்தமாட்டான்.

இரண்டு: குப்பையும் நாம் காசு கொடுத்து வாங்கிய பொருள்தான். வீசும் முன் அதன் கொள்விலையை நினைத்துப் பாருங்கள்.

மூன்று: விலை சொல்லும்போது, நமது சரக்கால் வாங்குபவருக்கு வரும் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

பின்னர் நானும் துளையிட்ட காட்போட் பெட்டிக்கு மாறினேன். ஆனால் அந்த ஓடர் திரும்பி வரவில்லை. அது வேறொருவர் கைக்குப் போய்விட்டது. அந்தப் பாடத்துக்கு நான் கொடுத்த விலை அது.

நாளை கடை திறந்ததும் பின்பக்கக் குப்பைத் தொட்டியை ஒரு தடவை கிளறிப் பாருங்கள். உங்கள் காசு அதில் எவ்வளவு கிடக்கிறது என்பது தெரியும்.