கெட்டி ஆயில் போட்டால் இன்ஜின் தாங்குமா?

நம்பிக்கை: வெயில் காலத்தில் பவர் வீடருக்கும் பெட்ரோல் பம்ப்செட்டுக்கும் கெட்டியான ஆயில் ஊற்றினால்தான் தாங்கும்.

உண்மை: ஆயில் கெட்டியாக இருப்பதைவிட, வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வதுதான் முக்கியம். இந்த இன்ஜின்களுக்கு ரேடியேட்டர் கிடையாது. ஃபேன் காற்றும் உள்ளே இருக்கும் ஆயிலும்தான் சூட்டை இறக்க வேண்டும். பலவற்றில் ஆயில் பம்ப்பும் இல்லை. கனெக்டிங் ராடின் அடியில் கரண்டி போல ஒரு சிறு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். இன்ஜின் சுற்றச் சுற்ற அது ஆயிலை வாரி இறைக்கும். பேரிங்குக்கும் சிலிண்டருக்கும் கிடைப்பது அந்தத் தெறிப்பு மட்டுமே. அளவுக்கு மீறிக் கெட்டியான ஆயில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் சரியாகத் தெறிக்காது. புதிய கார்களுக்கு வரும் மிக மெல்லிய ஆயிலும் ஆகாது. கடும் சூட்டில் அதன் படலம் நிற்காது. ஹோண்டா ஜிஎக்ஸ்160 இன்ஜினுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 10டபிள்யூ-30. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனம் வெப்பமான சூழலுக்கு எஸ்ஏஇ 30 போடச் சொல்கிறது. டிராக்டருக்கு வாங்கி மீந்தது எதுவானாலும் ஊற்றலாம் என்பது தவறு. டின்னில் உள்ள கிரேடு எண்ணைப் பாருங்கள்.

நம்பிக்கை: ஆயில் கறுக்காதவரை மாற்ற வேண்டாம்; குறைந்தால் ஊற்றிக்கொண்டால் போதும்.

உண்மை: நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது, ஓடிய மணிக்கணக்குதான் கணக்கு. ஜிஎக்ஸ்160க்கு முதல் மாற்றம் ஒரு மாதத்தில் அல்லது 20 மணி நேரத்தில். பிறகு 6 மாதம் அல்லது 100 மணி நேரத்துக்கு ஒருமுறை. புது இன்ஜினில் உதிரும் உலோகத் துகளைப் பிடிக்க இதில் ஃபில்டர் இல்லை. அது ஆயிலோடு சேர்ந்தே சுற்றும். அதனால் அந்த முதல் மாற்றத்தைத் தள்ளிப்போடவே கூடாது. பிடிப்பது சுமார் 600 மில்லிதான், பெரிய செலவில்லை.

நம்பிக்கை: டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டருக்குப் பெட்ரோலில் 2டி ஆயிலைக் கொஞ்சம் தாராளமாகக் கலந்தால் நல்லது.

உண்மை: கலவை 50:1 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். அதை இரட்டிப்பாக்கினால் பிளக்கிலும் சைலன்சர் வாயிலும் கரி அடைக்கும்.

இதைவிடப் பெரிய குழப்பம், பிரஷ் கட்டர் எல்லாமே டூ ஸ்ட்ரோக் என்று நினைப்பது. ஹோண்டா ஜிஎக்ஸ்35 போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் பொருத்தியவையும் விற்பனையில் உண்டு. அதில் பெட்ரோல் தனி, ஆயில் தனி. பெட்ரோலில் கலந்தாயிற்று என்று ஆயில் அறையைக் காலியாக விட்டு ஓட்டினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். மொத்தமே 100 மில்லி பிடிக்கிற இடம் அது. கொஞ்சம் குறைந்தாலும் ஆபத்து.

ஆகவே வேலைக்கு இறங்கும் முன் இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, ஆயில் அளவுகோலைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஜிஎக்ஸ்160இல் அதைத் திருகாமல் செருகித்தான் பார்க்க வேண்டும். சில இன்ஜின்களில் முழுக்கத் திருக வேண்டும். உங்களுடையது எந்த வகை என்பது கையேட்டில் இருக்கும்.