தாய்மொழி வகுப்பும் தொண்டூழிய ஆசிரியரும்

பினாங்கில் தமிழ்க் கல்வி பழமை வாய்ந்தது. 1816-ஆம் ஆண்டிலேயே ஜோர்ஜ் டவுனில், பினாங்கு ஃபிரீ பள்ளியில் தமிழ் வகுப்பொன்று தொடங்கப்பெற்றது. பின்னர் மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளிகள் எழுந்தன, ஆனால் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதிய அளவில் இல்லை. பல தோட்டங்களில் எழுத்தறிந்த கங்காணியோ கிராணியோ பாடஞ் சொன்னார். நல்லெண்ணம் மட்டும் நல்லாசிரியரை ஆக்கிவிடாது என்பதே அக்காலம் தரும் பாடமாகும்.

தோட்டத்தை விட்டு நகர்ப்புறம் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று தேசியப் பள்ளிகளிற் பயில்கின்றனர். அங்கே தமிழ் தானாகக் கிடைப்பதன்று. கேட்டுப் பெற வேண்டியதாகும். ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், தமிழ் கற்பிக்க வசதி செய்துதரல் வேண்டும் என்பது 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் விதி. அரபு, ஜப்பான், ஜெர்மன், பிரெஞ்சு முதலிய அந்நிய மொழிகளை இயன்றவிடத்துக் கற்பிக்கலாம் என்று அச்சட்டம் தனியே கூறுகின்றது. தமிழ் அவ்வரிசையில் வைக்கப்படவில்லை என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

வகுப்பு அமைந்தும் ஆசிரியர் இல்லையெனில், "நான் ஊதியமின்றிக் கற்பிக்கிறேன்" என ஓர் அன்பர் முன்வரலாம். அவர் போற்றத்தக்கவரே. எனினும், ஆசிரியராகப் பதிவு பெறாதவர், கற்பிக்கும் அனுமதியும் இல்லாதவர், கல்விக்கூடத்திற் கற்பித்தலாகாது. ஊதியம் பெறாமை இவ்விதிக்கு விலக்காகாது. பிள்ளையை எவர் கையில் ஒப்படைக்கிறோம் என்பது தெரிந்திருத்தல் வேண்டுமன்றோ?

ஆகவே பெற்றோர் செய்யத்தக்கவை:

1. பதினைந்து மாணவர்களின் பெற்றோர் ஒன்றுகூடி, கையொப்பமிட்டுத் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் விண்ணப்பித்தல். பதினான்கோடு நின்றுவிட்டால், பதினைந்தாவது பெற்றோரைத் தேடிச் செல்லுதல்.

2. கற்பிக்க முன்வருபவர் உரிய அனுமதி பெற்றுள்ளாரா எனப் பள்ளியில் கேட்டறிதல். இல்லையெனில் முதலில் விண்ணப்பிக்கச் செய்தல்.

3. வகுப்பு தொடங்கியபின் பிள்ளைகளைத் தவறாது அனுப்புதல்.

பிறமொழி கற்கவோ கற்பிக்கவோ எவரையும் தடுத்தலாகாது என மலேசிய அரசியலமைப்பின் 152-ஆம் பிரிவு உறுதியளிக்கின்றது. உரிமை ஏட்டில் உள்ளது. அதனை வகுப்பறைக்குக் கொண்டுவருவது பெற்றோரின் கையொப்பமேயாகும்.