வெப்சைட்டுக்கு ஆட்களை அழைத்து வரும் நியூஸ் லெட்டர்

வெப்சைட் அமைத்துவிட்டோம். முதல் வாரம் நண்பர்களும் உறவினர்களும் வந்து பார்த்தார்கள். அதன் பின் யாரும் வருவதில்லை. என்ன செய்யலாம்? தஞ்சாவூர்ப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குச் செல்லும்போதெல்லாம், சாப்ட்வேர் இன்ஜினியரான என்னிடம் பலர் கேட்கும் கேள்வி இது. தலையாட்டி பொம்மை, தஞ்சாவூர் ஓவியம், மாப்பிள்ளைச் சம்பா அரிசி என டெல்டா மாவட்டங்களில் விற்பதற்குப் பொருட்கள் உள்ளன. அவற்றை விற்பனை செய்யும் தளம் ஒன்று இருப்பதுதான் வாங்குபவருக்குத் தெரிவதில்லை. இதற்கு அதிகச் செலவில்லாத வழி, இமெயில் நியூஸ் லெட்டர். அதனை எப்படிப் பயன்படுத்துவது என்று இங்கு பார்க்கலாம்.

ஒரு வரி விளம்பரம்

இமெயிலில் விளம்பரம் என்றவுடன் நினைவுக்கு வருவது ஹாட்மெயில். இந்தியரான சபீர் பாட்டியாவும் அமெரிக்கரான ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 அன்று இதனைத் தொடங்கினார்கள். ஹாட்மெயிலிலிருந்து செல்லும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், இலவச இமெயில் பெற அழைக்கும் ஒரு வரி தானாக இணைக்கப்பட்டது. 1997 டிசம்பரில் மைக்ரோசாப்ட் இந்நிறுவனத்தை வாங்கியபோது 80 லட்சத்திற்கும் மேற்பட்டோர் அதில் கணக்கு வைத்திருந்தனர். அந்த வரி பலித்ததற்குக் காரணம் எளிமையானது. கடிதம் தெரிந்தவரிடமிருந்து வந்தது. எனவே பிரித்துப் படித்தார்கள்.

பிறர் நியூஸ் லெட்டரில் விளம்பரம்

இதே அடிப்படையில்தான் நியூஸ் லெட்டர் விளம்பரமும் இயங்குகிறது. சமையல், இயற்கை உணவு, கோயில் சுற்றுலா எனப் பல பொருள்களில் நியூஸ் லெட்டர்கள் வெளியாகின்றன. உங்கள் பொருளை வாங்கக்கூடியவர்கள் படிக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் செலுத்தி நான்கு வரி விளம்பரம் தரலாம். அதில் உங்கள் தளத்திற்கான லிங்க் இருக்கும்.

பணம் கட்டும் முன் கணக்குப் பார்க்க வேண்டும். 2,000 பேருக்குச் செல்லும் நியூஸ் லெட்டரில் 1,000 ரூபாய் கொடுத்து விளம்பரம் செய்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். 40 பேர் லிங்க்கில் கிளிக் செய்து, 4 பேர் அரிசி வாங்குகிறார்கள். ஒரு வருகைக்கு 25 ரூபாய். ஒரு விற்பனைக்கு 250 ரூபாய். ஒரு விற்பனையில் லாபம் 100 ரூபாய் என்றால் இது நஷ்டம்தான். வாங்காமல் சென்ற 36 பேரும் திரும்ப வரப்போவதில்லை.

இந்த இடத்தில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். விளம்பரம் என்பது முறை வைத்து விடும் வாய்க்கால் தண்ணீர். முறை முடிந்தால் நின்றுவிடும். குளத்தில் தேக்கியவருக்குத்தான் பின்னரும் தண்ணீர் இருக்கும். அந்தக் குளம், உங்களுடைய சொந்த முகவரிப் பட்டியல்.

சொந்தப் பட்டியல் அமைக்கும் முறை

1. விளம்பரத்தின் லிங்க் உங்கள் முகப்புப் பக்கத்திற்குச் செல்லக்கூடாது. அதற்கெனத் தனிப் பக்கம் ஒன்றை அமைத்திடவும். எந்த விளம்பரம் எத்தனை பேரை அழைத்து வந்தது என்று எளிதாகத் தெரிந்துவிடும்.

2. அந்தப் பக்கத்தில் பெயர், இமெயில் முகவரி கேட்கும் படிவத்தை வைத்திடவும். என்ன அனுப்புவீர்கள், மாதம் எத்தனை முறை என்பதையும் எழுதிடவும்.

3. முகவரி தந்தவருக்கு உறுதி செய்யக் கோரி ஒரு மெயில் செல்ல வேண்டும். அதில் கிளிக் செய்தவரை மட்டுமே பட்டியலில் சேர்த்திடவும்.

4. முதல் இருபது, முப்பது பேருக்கு ஜிமெயிலே போதும். முகவரிகளை பிசிசி கட்டத்தில் அமைத்தால், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளில் 500 பேருக்கு மேல் அனுப்ப இயலாது. பட்டியல் வளர்ந்த பின் இதற்கென உள்ள சாப்ட்வேருக்கு மாறலாம். தஞ்சை மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஸ்ரீதர் வேம்பு உள்ளிட்டோர் 1996ல் தொடங்கிய நிறுவனமான ஸோஹோ தரும் ஸோஹோ கேம்பைன்ஸ் அவற்றில் ஒன்று.

5. ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும், பட்டியலிலிருந்து விலகுவதற்கான லிங்க் கட்டாயம் இருக்க வேண்டும்.

என்ன எழுதுவது?

"வாங்குங்கள்" என்று மட்டும் எழுதினால் மூன்றாவது கடிதத்தை யாரும் திறக்க மாட்டார்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. இந்த ஆண்டு தண்ணீர் எப்போது வந்தது, நாற்று விட்டாயிற்றா, தை அறுவடை எப்படி என்பதெல்லாம் சென்னையில் அரிசி வாங்குபவருக்குப் படிக்கத் தகுந்த செய்தி. அதன் அடியில் உங்கள் தளத்தின் லிங்க்கைத் தரலாம்.

எத்தனை பேர் கடிதத்தைத் திறந்தனர் என்ற எண்ணிக்கையை முழுமையாக நம்ப வேண்டாம். 2021ல் ஆப்பிள் தன் மெயில் புரோகிராமில் கொண்டு வந்த பாதுகாப்பு வசதியால், படிக்காத கடிதமும் படித்ததாகக் கணக்கில் வரலாம். கிளிக் எண்ணிக்கையைப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை

"ஒரு லட்சம் இமெயில் முகவரிகள், விலை சில ஆயிரம்" என யாரேனும் பைல் விற்க வந்தால் வாங்கிட வேண்டாம். முன்பு சிடியில் விற்றதுதான் இன்று எக்ஸெல் பைலாக வருகிறது. அதில் உள்ளவர்கள் உங்களுக்குச் சம்மதம் தந்தவர்கள் அல்லர். 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. மேலும், ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயில்களுக்கு மேல் அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரி முதல் கூகுள் விதிகளைக் கடுமையாக்கியுள்ளது. ஸ்பேம் எனப் புகார் செய்பவர்கள் 0.3 சதவீதத்தை, அதாவது ஆயிரத்திற்கு மூன்று பேரை, எட்டக்கூடாது. எட்டினால், உங்களிடம் விரும்பிக் கேட்டவருக்கு அனுப்பும் கடிதமும் ஸ்பேம் போல்டருக்குச் செல்லத் தொடங்கும். நாளொன்றுக்குச் சில நூறு மெயில்களே அனுப்பினாலும், புகார்கள் சேர்ந்தால் இதே நிலைதான்.

எனவே விலைக்கு வாங்கிய ஒரு லட்சம் முகவரிகளைக் காட்டிலும், கேட்டுப் பெற்ற நூறு முகவரிகள் மேலானவை. உங்களிடம் ஏற்கெனவே பொருள் வாங்கியவர்களிடம் இன்றே அனுமதி கேளுங்கள். பத்துப் பேர் சரி என்றால், அடுத்த வாரமே முதல் கடிதத்தை அனுப்பிவிடலாம்.