கூகையைத் தாக்கும் நோய்களும் ஒட்டுண்ணிகளும்

எலிகளைக் கட்டுப்படுத்தும் வழிகளைப் பட்டியலிடும் வேளாண்மைக் கையேடுகள் நச்சுணவு, பொறி, வளை தோண்டுதல் ஆகியவற்றைக் கூறிவிட்டுக் கடைசி வரியாகக் கூகையைக் குறிப்பிடுவது வழக்கம். வயலில் கம்பம் நட்டு அதன்மேல் கூட்டுப் பெட்டி ஒன்றைப் பொருத்தினால் பறவை தானாக வந்து குடியேறும். அதற்குக் கூலியும் வேண்டாம், எரிபொருளும் வேண்டாம் என்பது இதன் அடிப்படை. கூலி வேண்டாம் என்பது உண்மையே. ஆனால் அப்பறவைக்கும் நோய் உண்டு. அதன் இறகிலும் இரத்தத்திலும் குடலிலும் வேறு உயிர்கள் குடியிருக்கின்றன. அது உண்ணும் இரையின் வழியாகவே பெரும்பாலான கேடுகள் அதன் உடலை அடைகின்றன. திட்டம் தீட்டுவோர் இவற்றைக் கணக்கில் சேர்ப்பது அரிது.

இதய வடிவிலான வெண்முகமும் வெளிறிய உடலும் கொண்ட கூகை, பாழடைந்த கோட்டை, பழைய கட்டடம், மரப்பொந்து, கிணற்றுச் சுவர் ஆகியவற்றில் வாழ்வது. வங்காளத்தில் இது இலக்குமியின் ஊர்தியாகப் போற்றப்படுகிறது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் சாவுக்குருவி என்று விரட்டப்படுகிறது. இவ்விரு நம்பிக்கைகளில் முன்னதுகூடப் பறவைக்கு முழுப் பாதுகாப்பு அளிக்கவில்லை. இந்தியாவில் ஆந்தைகளின் சட்டவிரோத வாணிபத்தைப் பற்றி 2010ஆம் ஆண்டில் டிராஃபிக் இந்தியா அமைப்பு வெளியிட்ட ஆய்வறிக்கை, தீபாவளியை ஒட்டிய நாட்களில் பூசைக்கும் மாந்திரீகத்துக்கும் ஆந்தைகள் பிடித்து விற்கப்படுவதை எடுத்துக்காட்டியது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ள நாட்டில் இது நிகழ்கிறது.

வாழ்க்கை முறை

கூகையின் இரு செவித்துளைகளும் ஒரே மட்டத்தில் அமைந்தவை அல்ல. ஒன்று சற்று உயர்ந்தும் மற்றொன்று தாழ்ந்தும் இருக்கும். இதனால் ஓசை எத்திசையிலிருந்து வருகிறது என்பதோடு எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறது என்பதையும் பறவை அறிகிறது. முற்றிலும் இருண்ட அறையில் ஓசையை மட்டும் கொண்டு கூகை எலியைப் பிடிக்கும் என்பதை அமெரிக்காவில் ரோஜர் பெய்ன் நடத்திய சோதனைகள் மெய்ப்பித்தன. அதன் மூளையில் ஓசையின் இடத்தைக் குறிக்கும் ஒருவகை வரைபடமே அமைந்திருப்பதை எரிக் நுட்சனும் மசகாசு கோனிஷியும் 1978இல் வெளியிட்டனர்.

பெண் பறவை பொதுவாக நான்கு முதல் ஏழு முட்டைகள் வரை, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாக இடும். முதல் முட்டை இட்டவுடனேயே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால் குஞ்சுகளும் அதே இடைவெளியில் பொரிக்கின்றன. மூத்த குஞ்சுக்கும் இளைய குஞ்சுக்கும் ஒன்றிரண்டு வார வேறுபாடு இருப்பது இயல்பு. இரை மிகுந்த ஆண்டில் எல்லாக் குஞ்சுகளும் பிழைக்கும். குறைந்த ஆண்டில் இளையவை முதலில் மடியும். ஆகவே கூட்டிலுள்ள குஞ்சுகளின் எண்ணிக்கையே அவ்வட்டாரத்து எலிப் பெருக்கத்தின் ஓர் அளவுகோல் எனலாம்.

செரிக்க இயலாத எலும்பையும் மயிரையும் கூகை உருண்டையாகத் திரட்டி வாய்வழியே வெளியேற்றுகிறது. இவ்வுருண்டையைப் பிரித்து மண்டையோடுகளை எண்ணினால் பறவை உண்டவற்றின் பட்டியல் கிடைக்கும். காவிரிப் படுகையில் மயிலாடுதுறைப் பகுதியில் செய்யப்பட்ட இத்தகைய ஆய்வுகளில் கரம்பை எலி, புல் எலி, வயல் சுண்டெலி ஆகியவையே பெரும்பங்கு வகித்தன. மூஞ்சூறும் சிறுபறவைகளும் பிற இடங்களிலும் இப்பட்டியலில் இடம்பெறுவதுண்டு. இந்தச் சிறுபங்கு நோயைப் பொறுத்தவரை முக்கியமானது என்பதைப் பின்னர் காணலாம்.

உடலின் மேலும் உள்ளும்

இறகுப் பேன்கள் கூகையோடு பிறப்பிலிருந்தே தொடர்பு உடையவை. கூட்டிலேயே தாயிடமிருந்து குஞ்சுக்கு அவை பரவுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை இறகின் துகளை உண்பவை. கூகையின் நடுவிரல் நகத்தின் ஓரம் சீப்பின் பற்களைப் போல் வெட்டுப்பட்டிருப்பது இறகைக் கோதித் தூய்மை செய்ய உதவுவதாகக் கருதப்படுகிறது. நலமான பறவையில் பேன்கள் சிலவே காணப்படும். நோயுற்றோ அலகு முறிந்தோ கோத இயலாமற்போன பறவையில் அவை பெருகும். எனவே பேன் மிகுதியாக உள்ள கூகையைக் காண்போர் பேனை நோயின் காரணமாகக் கொள்ளாமல், அதன் விளைவாகவே முதலில் ஐயுற வேண்டும்.

ஐரோப்பியக் கூகைக் கூடுகளில் கார்னஸ் என்னும் சிற்றீ குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சி வாழ்கிறது. சுவிட்சர்லாந்தில் அலெக்சாண்டர் ரூலின் குழுவினர், மார்பில் கரும்புள்ளிகள் மிகுந்த பெண் பறவைகளின் குஞ்சுகள் இவ்வீயை நன்கு எதிர்த்து நிற்பதைக் கண்டனர். கூடுகளுக்கிடையே குஞ்சுகளை மாற்றி வைத்துச் சோதித்தபோதும் இதுவே தெரியவந்தது. புள்ளி வெறும் அழகுக்குரியதன்று என்பது அவர்கள் முடிவு.

இரத்தத்தில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்த வரலாற்றில் ஆந்தைக்கும் நம் நாட்டுக்கும் இடம் உண்டு. 1898இல் கல்கத்தாவில் ரொனால்டு ராஸ், கொசுவின் வழியே மலேரியா பரவும் முறையைப் பறவைகளைக் கொண்டே நிறுவினார். அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மானிய அறிஞர் ஃபிரிட்ஸ் ஷாடின் சிற்றாந்தையின் இரத்தத்தை ஆராய்ந்து, அதில் கண்ட வெவ்வேறு நுண்ணுயிர்களை ஒரே உயிரின் பல பருவங்கள் என்று 1904இல் அறிவித்தார். அது பிழை. ஒரே துளி இரத்தத்தில் தனித்தனி இனங்கள் சேர்ந்து வாழ்ந்ததை அவர் ஒன்றாகக் கொண்டுவிட்டார். மறு ஆண்டே மேகநோய்க் கிருமியைக் கண்டறிந்து பெரும்புகழ் பெற்றவர் அவர். அத்தகையோரையும் ஆந்தையின் இரத்தம் ஏமாற்றியது.

இன்று ஆந்தைகளில் லியூக்கோசைட்டோசூன், ஹீமோபுரோட்டியஸ் என்னும் இருவகை இரத்த ஒட்டுண்ணிகள் பரவலாக அறியப்பட்டுள்ளன. முதலாவதைக் கருப்பு ஈக்களும், இரண்டாவதை மிக நுண்ணிய கடிக்கும் ஈக்களும் பரப்புகின்றன. நன்கு உண்ட பறவை இவற்றைத் தாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. பட்டினி, கூண்டு வாழ்க்கை, நஞ்சு ஆகியவற்றால் உடல் தளரும்போதுதான் அவை தலைதூக்குகின்றன. சந்தையில் நெருக்கமான கூண்டுகளில் அடைக்கப்படும் ஆந்தைகள் மடிவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

குடலில் வாழ்வனவற்றுள் சார்க்கோசிஸ்டிஸ் என்னும் நுண்ணுயிரின் சுழற்சி கவனிக்கத்தக்கது. கூகையின் எச்சத்துடன் வெளியேறும் அதன் வித்துகளைச் சுண்டெலி உணவோடு விழுங்குகிறது. எலியின் தசையில் அது சிறு கட்டிகளாகத் தங்குகிறது. அவ்வெலியைக் கூகை உண்ணும்போது சுழற்சி நிறைவுறுகிறது. கூகைக்கு இதனால் பெருந்தீங்கு இல்லை. முள்தலைப் புழுக்களும் தட்டைப் புழுக்களும் இவ்வாறே இரையின் வழியாக வருகின்றன. ஒட்டுண்ணியைக் கண்டால் பறவை எதை உண்டது என்பதை ஊகிக்கலாம் என்ற அளவில் இவை ஆய்வாளருக்குப் பயன்படுகின்றன.

உயிரைப் பறிக்கும் நோய் ஒன்று புறாவிலிருந்து வருகிறது. டிரைக்கோமோனாஸ் என்னும் நுண்ணுயிர் மாடப்புறாக்களின் வாயிலும் தொண்டைப்பையிலும் பெரும்பாலும் தீங்கின்றித் தங்கியிருக்கும். நோயுற்ற புறாவை உண்ட ஆந்தையின் வாயிலும் தொண்டையிலும் பாலாடைக் கட்டியைப் போன்ற மஞ்சள் படிவு வளர்ந்து விழுங்கும் வழியை அடைக்கும். இரை அருகிலிருந்தும் பறவை பட்டினியால் சாகும். பழைய கோட்டைகளிலும் கட்டடங்களிலும் புறாவும் கூகையும் அருகருகே வாழ்கின்றன. வயலில் எலி திடீரெனக் குறைந்தால் கூகை எளிதில் நாடக்கூடிய இரை புறாவே. பறவைக் காய்ச்சலும் இவ்வழியில் வரக்கூடும். 2021 ஜனவரியில் டில்லி உயிரியல் பூங்காவில் இறந்துபோன மீன் ஆந்தை ஒன்றின் உடலில் அந்நோய் உறுதி செய்யப்பட்டது.

மனிதன் சேர்த்த கேடு

மேற்கூறிய நோய்களெல்லாம் கூகையோடு நெடுங்காலமாக வாழ்ந்து வருபவை. எலி நஞ்சு அவ்வாறன்று. சிங்க் பாஸ்பைடு எலியின் வயிற்றில் நச்சு வாயுவாக மாறிச் சில மணி நேரத்தில் கொல்லும். எலியின் தசையில் அது தேங்குவதில்லை. ஆதலால் அவ்வெலியை உண்ணும் பறவைக்கு ஆபத்து ஒப்பளவில் குறைவு. ஆயினும் நச்சுணவையே நேராகக் கொத்தும் தானியந்தின்னிப் பறவைகளுக்கு அது கொடியது. ஒருமுறை உண்டு பிழைத்த எலி அதை மீண்டும் தொடுவதில்லை. இக்குறையை நீக்க வந்தவையே புரோமேடியலோன் போன்ற இரத்தம் உறையாமற் செய்யும் நஞ்சுகள். இதை உண்ட எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தளர்ந்து, வெட்டவெளியில் தடுமாறித் திரியும். கூகைக்கு அதைவிட எளிய இரை கிடையாது. எலியின் ஈரலில் உள்ள நஞ்சு கூகையின் ஈரலுக்குச் சென்று மாதக்கணக்கில் தங்குகிறது. சிறு காயமும் நிற்காமல் ஒழுகும். வேட்டைத் திறன் குன்றும். சாலையில் வண்டி மோதி இறந்ததாக எழுதப்படும் பறவை, ஏற்கெனவே நஞ்சால் தளர்ந்ததாக இருக்கக்கூடும்.

பிரிட்டனில் இறந்து கிடைத்த கூகைகளை ஆராய்ந்து 1990இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பறவையின் ஈரலில் இந்நஞ்சு காணப்பட்டது. பின்னாளில் சோதனைக் கருவிகளும் நுட்பம் பெற்றன, நஞ்சின் பயனும் பெருகியது. அங்குச் சோதிக்கப்படும் கூகைகளுள் மிகப் பெரும்பான்மையானவற்றில் அதன் சுவடு கிட்டுகிறது. மலேசியாவின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் எலிகளை அடக்கக் கூகைகளை ஊக்குவித்தார்கள். 1980களில் புதிய நஞ்சுகள் அங்கு வந்தபோது சில தோட்டங்களில் அப்பறவைகள் குறைந்துபோயின. ஒரு கையால் பெட்டி நட்டு மறு கையால் நஞ்சு தூவியதன் விளைவு அது.

நம் நாட்டிலும் இவ்விரண்டும் ஒரே வட்டாரத்தில் நடைபெற வாய்ப்பு உண்டு. காலாண்டு அறிக்கையில் நடப்பட்ட பெட்டிகளுக்கு ஒரு கட்டம் இருக்கும்; வழங்கப்பட்ட நச்சுணவுக்கு வேறொரு கட்டம் இருக்கும். பெட்டியில் எத்தனை குஞ்சு பொரித்தது, எத்தனை பறந்தது என்பதற்குக் கட்டம் இருப்பது அரிது. இனப்பெருக்க காலத்தில் பெட்டிகள் உள்ள வயல்களைச் சுற்றிப் புரோமேடியலோனை நிறுத்திவைத்து, பொறியையும் வளை தோண்டுதலையும் மேற்கொள்வதற்குக் கூடுதல் செலவு ஆகும். அச்செலவையும் கூகை இல்லாதபோது ஆண்டுதோறும் வாங்க வேண்டிய நஞ்சின் விலையையும் ஒப்பிட்ட பின்னரே முடிவெடுப்பது முறை.

பறவையை இல்லாத இடத்துக்குக் கொண்டுசெல்வது மற்றொரு செயல். எலியை ஒழிக்க 1950களின் தொடக்கத்தில் சீஷெல்ஸ் தீவுகளில் விடப்பட்ட கூகைகள், எலியை விட்டுவிட்டு அங்குள்ள வெண்ணிற ஆலாக்களை வேட்டையாடின. பின்னர் அரசே அவற்றைக் கொல்வோருக்குப் பரிசு அறிவிக்க நேர்ந்தது. லட்சத்தீவின் கவரத்தியில் தென்னையைக் கெடுக்கும் எலிகளுக்கு எதிராகக் கூகைகளைக் கொண்டு ஒரு முன்னோடி முயற்சி மேற்கொள்ளப்பட்டுள்ளது. இத்தகைய இடமாற்றத்தில் பறவையோடு அதன் பேன்களும் இரத்த ஒட்டுண்ணிகளும் பயணம் செய்கின்றன. ஆகவே அனுப்புமுன் வாய், எச்சம், இரத்தம் மூன்றையும் கால்நடை மருத்துவர் சோதித்தல் இன்றியமையாதது.

கூட்டுப் பெட்டியைத் தூய்மை செய்வதற்குரிய காலம் கடைசிக் குஞ்சும் பறந்து சென்ற பின்னரே. பெட்டிக்குள் பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது. பழைய கழிவை அகற்றினாலே ஈக்களின் கூட்டுப்புழுக்கள் நீங்கும். கையுறையும் முகமூடியும் அணிதல் வேண்டும். இறந்து கிடக்கும் கூகையைப் புதைத்துவிடாமல் வனத்துறைக்குத் தெரிவித்து, ஈரலின் நஞ்சு அறியும் சோதனைக்கு அனுப்பச் செய்ய வேண்டும். அகற்றிய உருண்டைகளையும் எறிந்துவிடாமல் காயவைத்து, வெந்நீரில் ஊறவிட்டுப் பிரித்து, மண்டையோடுகளை இனவாரியாக எண்ணி, பெட்டியின் எண்ணுக்கு எதிரே எழுதி வைக்கலாம்.