பத்மநாபபுரம் கொட்டாரம்: செருப்பைக் கழற்றும் முன்

திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று விடுமுறை. மற்ற நாட்களில் காலை 9 மணிக்குத் திறந்து, பகல் 1 மணிக்கு மூடி, 2 மணியிலிருந்து மாலை 4.30 வரை மறுபடி திறந்து வைப்பார்கள். காலை 9 மணிக்கே வாசலில் நின்றுவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் பேருந்துகள் வந்து சேர்ந்துவிட்டால் அந்த மர வீட்டின் அமைதி கிடைக்காது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சாலையில் சுமார் 15 கிலோமீட்டரில் தக்கலை. அங்கிருந்து ஆட்டோவில் சில நிமிடம்தான். 'பத்மநாபபுரம் கொட்டாரம்' என்று முழுதாகச் சொல்லுங்கள். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கொட்டாரம் என்றே ஓர் ஊர் இருக்கிறது.

நிற்கும் மண் தமிழ்நாடு, அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் உள்ளிட்ட தாலுகாக்கள் இந்தப் பக்கம் வந்தபோது கொட்டாரம் மட்டும் அந்தப் பக்கத்தின் பொறுப்பிலேயே இருந்துவிட்டது. ஒவ்வொரு கட்டிலும் ஊழியர் ஒருவர் நின்று விளக்கம் சொல்வார். அவசரப்படாமல் கேளுங்கள், கேள்வியும் கேளுங்கள்.

பிறப்பை வைத்து ஒருவர் ஆளலாம் என்பதை நான் ஏற்பதில்லை. ஆனாலும் இந்த வீட்டை நேசிக்கிறேன். உங்களுக்கும் அப்படி இருந்தால், ஒரு வழி சொல்கிறேன். ராஜாவின் நாற்காலியை விட்டுவிட்டு ஆசாரியின் உளியைப் பின்தொடருங்கள். பூமுகத்தில் நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். மரக் கூரையில் தொண்ணூறு பூக்கள், ஒன்று போல் இன்னொன்று இல்லை என்பார்கள். அங்கேயே தொங்கும் குதிரை விளக்கையும் பாருங்கள். படியேறினால் அரசரின் ஆலோசனைக் கூடமான மந்திரசாலை. வெளியே வெயில் எரிக்கும்போதும் உள்ளே குளிர்ச்சிதான். ஜன்னல்களின் வண்ண அபிரகத் தகடுகள் வெளிச்சத்தை வடிகட்டித் தருகின்றன. கருந்தரை கண்ணாடி போல மின்னும். எரித்த சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசியது என்று சொல்வார்கள். வெறும் காலில் அதன் மேல் நடப்பது தனிச் சுகம். பிறகு தாய்க்கொட்டாரம், வளாகத்திலேயே பழையது. நடுமுற்றமும் நாலு தூணும் உள்ள நாலுகெட்டு வீடு. அதன் பலாமரத் தூணுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். செதுக்கியவர் பெயர் எங்கும் இல்லை.

ஊட்டுப்புரை நீளமான கூடம். மாடியும் தரையுமாக ஒரே வேளையில் இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பார்கள். ஊறுகாய்ப் பரணிகள் இன்னும் அங்கே இருக்கின்றன. அந்த இலவசச் சாப்பாடு பிராமணர்களுக்கு. அரிசியை விளைவித்தவர்களுக்கு அந்தப் பந்தியில் இடமில்லை.

உப்பரிகை மாளிகை நான்கு நிலைக் கட்டடம். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா 1750இல் தன் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அவர் தாசனாக ஆளத் தொடங்கினார். அதன் பிறகு அரசனை எதிர்ப்பது சாமியை எதிர்ப்பதாகிவிட்டது. மாளிகையின் மேல்நிலை அந்தச் சாமிக்கு உரியது. சுவரெங்கும் ஓவியம், அங்கே போகப் பெரும்பாலும் அனுமதி கிடைக்காது. இந்த நான்கு நிலையின் அடியில் நின்று ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இதே ராஜ்யத்தில் சாணார் என்று அன்று அழைக்கப்பட்ட நாடார்கள் ஒரு நிலைக்கு மேல் வீடு கட்டக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. கூலியில்லாத ஊழிய வேலை வேறு. அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்டவர்கள் பட்டது இன்னும் கொடுமை, 1855 வரை இங்கே அடிமை முறையே சட்டப்படி இருந்தது. நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றியது எல்லாருக்கும் பொதுவான விதியால், சாதியால் அல்ல.

அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். மனித உருவத்துக்கு ஏற்ற இரும்புக் கூடு ஒன்று அங்கே இருக்கிறது. தண்டனை பெற்றவரை அதற்குள் அடைத்து மரத்தில் தொங்கவிடுவார்கள், பறவைகள் கொத்தும். பிள்ளைகளோடு போகிறவர்கள் அதைக் கடந்து ஓடிவிட வேண்டாம். வயதுக்கு ஏற்ற சொல்லில் விளக்கிச் சொல்லுங்கள். பூக்கூரையை ரசித்த கண்ணால் அதையும் பார்த்தால்தான் அந்த வீட்டை முழுதாகப் பார்த்ததாகும்.

வெளியே வந்தால் நீங்கள் நிற்பது கல்குளம். மார்பை மறைக்கும் உரிமை கேட்டு நாடார் பெண்கள் தொடங்கிய தோள்சீலைப் போராட்டத்தின் கலவரங்கள் 1822இல் வெடித்தது இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். 1859இல் அதற்கு அனுமதி தரும் அரசாணை வந்தது, அதிலும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. இதே அரசகுலம்தான் 1936இல் கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்டது. அதையும் மறைக்க மாட்டேன். கேட்டவர்கள் விடாமல் கேட்டதால் வந்தது அது.

நவராத்திரிக்கு முன்னால் வந்தால் கூட்டம் இருக்கும். இங்கிருந்து சரஸ்வதி திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் புறப்படுவாள், அரசரின் உடைவாளும் கூடப் போகும். அந்த வாளைக் கைமாற்றும் சடங்கில் தேர்தலில் வென்ற அமைச்சர்கள் நிற்பது எனக்கு உவப்பாக இல்லை. தேவியின் பின்னால் நடக்கும் சனங்களின் பக்தியை மதிக்கிறேன்.

நெடுஞ்சாலையோரம் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி தந்த டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை உள்ளே இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு. அரை மணி போதும்.

மதியம் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, மாலையில் சாமித்தோப்புக்குப் போங்கள். நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையில் இருக்கிறது. இதை விட்டுவிட்டு ஊர் திரும்பாதீர்கள். அன்றைய மகாராஜாவை 'நீசன்' என்று சொன்ன வைகுண்ட சுவாமியின் பதி, அதாவது வழிபாட்டிடம், அது. அவரைத் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தார்கள். எல்லாச் சாதியும் ஒன்றாகக் குளிக்க அவர் ஏற்படுத்திய முத்திரிக் கிணறு பக்கத்திலேயே இருக்கிறது. பதியின் கருவறையான பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடிதான். தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்ட மக்களை அவர் தலைப்பாகையோடு கும்பிட வைத்தார். இன்றும் ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். காலையில் கிளம்பும்போதே பையில் ஒரு துண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.