கப்பலில் வந்தவர்களும் தீவில் பிறந்தவர்களும்
மைக்குறோனீசியாவில் யேசு சபையின் கல்விப் பணி தரும் பாடம்

துறவற சபையொன்று அயல் நாட்டிலே பாடசாலையைத் தொடங்குவது அரிய காரியம். அதை இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு நிலைநிறுத்துவது அதனினும் அரிது. தொடங்குவதற்குத் துணிவுள்ள சில குருக்களும் ஓரளவு பணமும் போதும். நிலைப்பதற்கு வேறொன்று வேண்டும். அது எது என்பதைப் பசுபிக் சமுத்திரத்தின் சிறு தீவுகளில் யேசு சபையார் ஆற்றிவரும் கல்விப் பணியைக் கொண்டு இவ்வாரம் ஆராய்வோம். மட்டக்களப்பிலே புனித மிக்கேல் கல்லூரியில் அமெரிக்க யேசு சபைக் குருக்களிடம் பயின்றவர்கள் எம் வாசகர்களிடையே உண்டு. அதே நாட்டிலிருந்து, அதே சபையின் வேறொரு மாகாணத்தார் சென்று உழைத்த களமே இது.

1. தீவுகளும் மக்களும்

மைக்குறோனீசியா என்பதற்குச் 'சிறு தீவுகள்' என்று பொருள். பிலிப்பைன்சுக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் இப்பகுதியில் பலாவு, மார்ஷல் தீவுகள், மைக்குறோனீசியக் கூட்டாட்சி ஆகிய நாடுகளும், அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட குவாம் தீவும் அடங்கும். கூட்டாட்சியில் மட்டும் 607 தீவுகள் உள்ளன. ஆனால் அங்கு வாழும் மக்களோ ஏறக்குறைய ஒரு இலட்சம் பேரே. யாப், சூக், பொன்பெய், கொஸ்ரே என்னும் அதன் நான்கு மாநிலங்களிலும் வெவ்வேறு மொழிகள் வழங்குகின்றன. ஒரு பாடசாலைக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதென்றால் நூற்றுக் கணக்கான மைல் கடல் கடந்து அவர்களைக் கொண்டுவர வேண்டும். விடுதி வேண்டும், உணவு வேண்டும், எல்லோருக்கும் பொதுவான ஒரு மொழியும் வேண்டும். இவ்வளவுக்கும் ஈடுகொடுக்கக் கூடிய பணம் மீன்பிடித்தும் கொடித்தோட்டம் செய்தும் வாழும் குடும்பங்களிடம் இல்லை.

2. மூன்று முறை அறுந்த கயிறு

யேசு சபையின் முதற் குருக்கள் 1668இல் வண. பிதா தியேகோ லூயிஸ் தே சான் வித்தோரஸ் தலைமையில் குவாமில் இறங்கினார்கள். கோவிலோடு கல்விக்கூடத்தையும் எழுப்பினார்கள். 1672இல் அவரும், அவருடைய இளம் துணைவரான பிலிப்பைன்ஸ் உபதேசியார் பேதுரு கலுங்சோதும் கொல்லப்பட்டார்கள். கலுங்சோத் 2012இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர்களுடைய இரத்தத்தினால் அப்பணி அழிந்துவிடவில்லை. அழித்தது ஓர் அரச கட்டளை. ஸ்பானிய மன்னர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து யேசு சபையை வெளியேற்றியபோது, 1769இல் அவர்கள் குவாமை விட்டுப் போனார்கள்.

1886 முதல் கப்புச்சின் துறவியர் யாப், பொன்பெய் முதலிய தீவுகளில் உழைத்தனர். ஸ்பானியருக்குப் பின் ஜெர்மானியக் கப்புச்சின் சபையார் வந்தனர். முதலாம் உலகப் போரில் யப்பான் இத்தீவுகளைக் கைப்பற்றியதன் விளைவாக அவர்களும் வெளியேற நேர்ந்தது. 1921இல் ஸ்பானிய யேசு சபையார் அவ்விடத்தை நிரப்ப வந்தனர். அடுத்த போர் மூண்டது. 1944இல் யேசு சபையார் ஆறு பேர் பலாவுவில் யப்பானியப் படையினரால் கொல்லப்பட்டனர்.

வாசகர்களே, இந்த வரலாற்றை ஊன்றிக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் வந்தவர்கள் பக்தியுள்ளவர்கள், கற்றவர்கள், உயிரையும் கொடுத்தவர்கள். எனினும் ஒவ்வொரு முறையும் அயலாரின் அரசியலே கயிற்றை அறுத்தது. கப்பலில் வந்தவரைக் கப்பல் திரும்பவும் கொண்டு போய்விடலாம்.

3. போர்க் கட்டடத்தில் ஒரு கல்லூரி

போருக்குப் பின் இத்தீவுகள் ஐக்கிய நாடுகளின் பொறுப்பாட்சிப் பிரதேசமாக 1947இல் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டன. நியூயோர்க் மாகாண யேசு சபையார் அங்கு சென்றனர். ஆயர் தோமஸ் ஃபீனி ஆண்டகை 1952இல் சூக் மாநிலத்தின் வெனோ தீவில் சிறிய குருமடம் ஒன்றைத் திறந்தார். அது விரைவில் எல்லா இளைஞருக்குமான புனித சவேரியார் உயர்நிலைப் பாடசாலையாயிற்று. யப்பானியர் போர்க் காலத்தில் தொலைத்தொடர்பு நிலையமாகப் பயன்படுத்திய, தடித்த கொங்கிறீற்றுச் சுவர்களைக் கொண்ட கட்டடமே அதன் இல்லம். போருக்கு உதவிய சுவர்களுக்குள்ளே பாடம் நடந்தது.

பலாவு, யாப், பொன்பெய், மார்ஷல் முதலிய இடங்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட மாணவர் அங்கு ஒரே விடுதியில் உண்டு உறங்கிக் கற்றனர். ஒருவர் மொழியை மற்றவர் அறியாத பிள்ளைகள் நண்பர்களாயினர். பின்னாளில் தீவுகள் தம்மைத் தாமே ஆளத் தொடங்கியபோது இந்த நட்பு பெரும் பயன் தந்தது. 2007 முதல் 2015 வரை கூட்டாட்சியின் அதிபராக விளங்கிய இமானுவேல் மோரி இப்பாடசாலையின் பழைய மாணவரே. 1976இல் மாணவியருக்கும் கதவு திறக்கப்பட்டது.

பொன்பெய் தீவில் வண. பிதா ஹியூ கொஸ்ரிகன் வேறொரு வழியைக் கண்டார். எல்லோரும் அலுவலகக் கதிரைக்குப் படித்தால் நிலத்தை உழுபவர் யார், வீட்டைக் கட்டுபவர் யார் என்று சிந்தித்து, 1965இல் விவசாய தொழிற் பாடசாலை ஒன்றை நிறுவினார். பயிர்ச் செய்கை, கட்டட வேலை, இயந்திரத் திருத்தம் ஆகியவற்றை இளைஞர் அங்கு கையால் செய்து கற்றனர். அப்பாடசாலை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பணியாற்றிய பின் மூடப்பட்டது. நல்ல நோக்கம் இருந்தது. நல்ல மாணவரும் இருந்தனர். ஆனால் இவை மட்டும் ஒரு நிறுவனத்தைத் தாங்கா என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

4. புதிய சோதனைகள்

முதலாவது, அரசாங்கப் பாடசாலைகளின் பெருக்கம். 1960களில் அமெரிக்கா பெருந்தொகைப் பணத்தை இத்தீவுகளில் செலவிட்டது. பாடசாலைகள் எங்கும் எழுந்தன. 1966இல் சமாதானப் படை என்னும் அமெரிக்கத் தொண்டர் அமைப்பின் இளைஞர் வந்து இறங்கினர். எழுத்தறிவிப்பது மட்டுமே கத்தோலிக்கப் பாடசாலையின் நோக்கமாயின், அதற்கு இனி அங்கு வேலையில்லை. மனச்சாட்சியை உருவாக்குவதும், தன் மக்களுக்கு உழைக்கும் மனத்தைக் கொடுப்பதும் நோக்கமாயின் மட்டுமே அது தேவைப்படும்.

இரண்டாவது, குடும்பத்தின் தளர்ச்சி. 1960களில் இளம் துறவியாகச் சவேரியார் பாடசாலைக்கு வந்த வண. பிதா பிரான்சிஸ் ஹெசல், பின்னர் 'மைக்குறோனீசியன் செமினார்' என்னும் ஆய்வு நிலையத்தைப் பல்லாண்டுகள் நடத்தினார். இளைஞர் தற்கொலைகள் பெருகியதைக் கண்டு அதன் காரணத்தைத் தேடினார். சம்பளப் பணம் வந்தபின் பழைய கூட்டுக் குடும்பத்தின் பிணைப்புகள் நெகிழ்ந்தன என்றும், பிள்ளைக்கும் தகப்பனுக்குமிடையே சமாதானம் செய்துவைத்த மாமன்மாரும் பெரியோரும் விலகி நின்றனர் என்றும் எடுத்துக் காட்டினார். பிள்ளைக்கு மட்டும் பாடம் சொன்னால் போதாது, சமூகமே தன் நிலைமையைக் கற்க வேண்டும் என்பது அவருடைய பணியின் உட்பொருள்.

மூன்றாவது, புலம்பெயர்வு. 1986இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி கூட்டாட்சி மக்களும் மார்ஷல் மக்களும் அமெரிக்காவில் தடையின்றி வாழவும் தொழில் செய்யவும் உரிமை பெற்றனர். குவாம், ஹவாய், அதற்கப்பாலுள்ள பெருநிலம் என்று பல்லாயிரவர் போய்விட்டனர். சிறந்த மாணவனே முதலில் போகிறான். பாடசாலை நன்றாகக் கற்பிக்கக் கற்பிக்கத் தீவு வெறுமையாகிறது. இந்த வேதனை எமக்கும் அந்நியமானதன்று.

நான்காவது, தேவ அழைத்தலின் குறைவு. நியூயோர்க் மாகாணம் 2014இல் அயல் மாகாணத்துடன் இணைந்தது. 2020இல் அதுவும் இன்னும் பெரியதொரு மாகாணத்தில் கலந்தது. அனுப்புவதற்குக் குருக்கள் குறைந்துவிட்டனர். இம்முறை எந்த அரசனும் கட்டளையிடவில்லை. ஆயினும் கயிறு மெல்ல மெல்லத் தேய்கிறது.

5. நிலைப்பது எதனால்?

சபை தன் பணியைத் தன் சொத்தாக எண்ணாமல் அவ்வூர் மக்களின் கையில் ஒப்படைக்கும்போதுதான் அது நிலைக்கிறது. ஸ்நாபக அருளப்பர் கிறிஸ்துவின் முன்னே தாம் குறைந்து போவதை மகிழ்ச்சியாக எண்ணினார். மறைபரப்பாளனின் மனமும் அதுவே.

இதற்கு அடையாளங்கள் அங்கு தோன்றியுள்ளன. கரோலின் தீவுகளின் மறைமாவட்டத்தை 1995 முதல் வழிநடத்திய ஆயர் அமாந்தோ சாமோ சூக் மண்ணின் மைந்தர். அவருக்குப் பின் பொறுப்பேற்றவரும் அவ்வாறே. யாப் தீவிலே 2011இல் புதிய கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலை ஒன்று திறக்கப்பட்டது. குருக்கள் குறைந்த காலத்தில் ஒரு பாடசாலை பிறந்ததென்றால், அதை விரும்பிக் கேட்ட பெற்றோர் இருந்தனர் என்பதே பொருள்.

ஆனால் ஒப்படைப்பது என்பது சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதன்று. பொதுநிலை ஆசிரியரைப் பயிற்றுவிக்க வேண்டும். அவர் குடும்பத்தோடு வாழத்தக்க சம்பளம் கொடுக்க வேண்டும். அவரை உதவியாளராக அன்றி, பணியின் உரிமையாளராக மதிக்க வேண்டும். பெற்றோரும், "சுவாமிமார் பார்த்துக்கொள்வார்கள்" என்று ஒதுங்கியிராமல், தம் பங்கைச் செலுத்த வேண்டும். புலம்பெயர்ந்த பழைய மாணவர் பணம் அனுப்புவது நல்லது. அவர்களுள் சிலராவது திரும்பி வந்து கற்பிப்பது அதனினும் நல்லது. கரும்பலகையின் முன்னே நிற்க ஆளில்லையேல் பணம் என்ன செய்யும்?

குடும்பத்தில் கலந்துரையாட

1. எங்கள் பிள்ளைகளின் படிப்பினால் எங்கள் ஊருக்கு வரும் நன்மை என்ன?
2. ஆசிரியத் தொழிலை ஒரு தேவ அழைத்தலாக எங்கள் வீட்டில் மதிக்கிறோமா, அல்லது வேறு வேலை கிடைக்காதவரின் புகலிடமாக எண்ணுகிறோமா?
3. எங்கள் பங்கிலே குருவானவரும் கன்னியரும் நாளைக்கு இல்லாவிட்டால், மறைக்கல்வியைத் தொடர்ந்து நடத்த யார் ஆயத்தமாக இருக்கிறார்கள்?