மறைந்திருந்த பெயர்

திவான் என்ற சொல் நமக்குத் தெரியும். தேவிகுளம் முன்பு திருவிதாங்கூரில் இருந்தது. சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. இரண்டிலும் ராஜாவுக்கு அடுத்த பெரிய அதிகாரி திவான். இது பாரசீகத்திலிருந்து வந்த சொல். சர்க்கார், ரசீது என்பவையும் அப்படி வந்தவைதான். பாரசீகம் ஈரான் நாட்டு மொழி. முகலாயர் காலத்தில் அரண்மனை எழுத்து வேலையெல்லாம் அந்த மொழியில்தான் நடந்தது.

பாரசீகத்தில் திவானுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒரு புலவரின் பாட்டுத் தொகுப்பையும் திவான் என்பார்கள்.

ஜெபுன்னிசா ஒரு முகலாய இளவரசி. 1638-இல் தௌலதாபாத்தில் பிறந்தார். ஔரங்கசீப்பின் மூத்த மகள். ஹாபிஸா மரியம் என்ற பெண் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஜெபுன்னிசா குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்தார். தந்தை மகிழ்ந்து 30,000 பொற்காசுகள் கொடுத்தார். பிறகு அவர் பெரிய நூலகம் அமைத்தார். முகலாயர் நாட்டில் அச்சு வழக்கத்தில் இல்லாத காலம் அது. எழுத்தர்களுக்குச் சம்பளம் கொடுத்து நூல்களைப் படி எடுக்க வைத்தார்.

பாட்டும் எழுதினார். கஜல் என்ற பாட்டின் கடைசி அடிகளில் புலவர் தம் பெயரைச் சேர்ப்பது வழக்கம். ஜெபுன்னிசா தம் பெயரைச் சேர்க்கவில்லை. 'மக்பி' என்று எழுதினார். மக்பி என்றால் மறைந்திருப்பது என்று பொருள்.

அவருக்கு 19 வயதில் தாய் இறந்தார். அப்போது தம்பி அக்பர் ஒரு மாதக் கைக்குழந்தை. (பெரிய அக்பர் பாதுஷா வேறு. அவர் இவர்களுக்கு முன்னோர்.) அந்தத் தம்பி வளர்ந்து, 1681-இல் தந்தையை எதிர்த்துக் கிளம்பித் தோற்றார். அக்காள் தம்பிக்கு ரகசியமாக எழுதிய கடிதங்கள் அகப்பட்டன. ஔரங்கசீப் மகளின் சொத்தைப் பறித்தார். ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் மானியத்தை நிறுத்தினார். டெல்லி சலீம்கர் கோட்டையில் அடைத்தார். அங்கே 21 ஆண்டுகள். 1702-இல் அங்கேயே இறந்தார்.

காதலுக்காகத்தான் அடைத்தார்கள் என்றும் கதை சொல்வார்கள். அது பிற்காலத்தார் கட்டியது. கடிதம்தான் காரணம்.

டெல்லியில் ரயில் பாதை போட்டபோது அவர் கல்லறையை ஆக்ரா அருகே சிக்கந்தராவுக்கு மாற்றினார்கள். 'மக்பியின் திவான்' என்ற நூல் பின்னால் அச்சில் வந்தது. ஆனால் மக்பி என்ற பெயரில் வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள். எந்தப் பாட்டு ஜெபுன்னிசாவுடையது, எது இல்லை என்று அறிஞர்களால் இன்றும் பிரிக்க முடியவில்லை.

பயிற்சி: தம்பிக்கோ தங்கைக்கோ நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள். கீழே உங்கள் முழுப் பெயரைப் போடுங்கள்.